ரூட்டுக்குப் பன்னிரண்டு ஜிபி

இன்னாசிமுத்து முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து ஓய்வு பெற்றவர். அறுபத்தோராவது வயதில் விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸைக் கற்றுக்கொள்ள ஜுலேகாவிடம் போனார். பேக்கரி மாடியில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவள் அவள். முப்பது வயதுதான் இருக்கும். அவருக்கு அவள் டீச்சர்.

தன் கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஏற்றிய அன்று, டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் கட்டத்தில் அவர் கை நின்றது.

“ரூட்டுக்கு எவ்வளவு, ஹோமுக்கு எவ்வளவு டீச்சர்?”

“ரூட்ல சிஸ்டம் இருக்கும். ஹோம்ல உங்க வேலை இருக்கும். ரெண்டையும் தனித்தனியா வைங்க. அளவு உங்க இஷ்டம்.”

“சரியான அளவுன்னு ஒண்ணு இருக்கும்ல?”

“கண்டுபிடிச்சா எனக்கும் சொல்லுங்க.”

அவருக்குச் சுருக்கென்றது. ஐநூறு ஜிபியில் ரூட்டுக்குப் பன்னிரண்டு போட்டார். மீதி எல்லாம் ஹோமுக்கு. வேலைதானே முக்கியம்?

“பத்துமா சார்?”

“தாராளம்.”

அவள் அடுத்த திரையைக் காட்டினாள்.

பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு அவர் பாடப் புத்தகங்களைத் தட்டச்சு செய்து கொடுப்பார். பள்ளியில் அவற்றை பிரெய்லில் அச்சடிப்பார்கள். ஐந்து மாதத்தில் பத்தாம் வகுப்பு வரலாறு இருநூற்றுப் பத்துப் பக்கம் முடிந்திருந்தது. திங்களன்று கொடுக்க வேண்டும். புதன்கிழமை காலையில் அப்டேட் போட்டார். பாதியில் நின்றுவிட்டது. அணைத்துப் போட்டால் வெறும் கறுப்புத் திரை.

கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து சேர்ந்தார்.

“அப்டேட் சேர்ந்து சேர்ந்து ரூட் நிரம்பிப்போச்சு,” என்றாள் ஜுலேகா. “அழிச்சிட்டுப் புதுசா போடணும்.”

“என் புத்தகம்?”

அவள் பென் டிரைவிலிருந்து லினக்ஸைக் கிளப்பி ஹோமைத் திறந்தாள். வரலாறு அங்கே இருந்தது. அந்த ஃபைலின் பெயரை அவர் திரையில் விரலால் தொட்டார். கண்ணாடியைக் கழற்றி, வெகுநேரம் துடைத்தார்.

அவள் ஹோம் முழுவதையும் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்தாள். பிறகு பழைய ரூட்டை அழித்தாள். நகல் இருந்த டிஸ்க்கை அவர் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“பத்தாதுன்னு அன்னைக்கே தெரியுமா டீச்சர்?”

“சந்தேகம் இருந்துச்சு.”

“சொல்லியிருக்கலாமே?”

“கேட்டேன். தாராளம்னீங்க.”

அவர் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஹோம்லேருந்து கொஞ்சம் குறைச்சு ரூட்டுக்குக் கொடுக்கணும். எவ்வளவு?” கீபோர்டை அவர் பக்கம் தள்ளினாள்.

அறுபது என்று அடித்தார். அழித்துவிட்டு எண்பது என்றார். என்டர் மேல் விரல் நின்றது.

“இதுவும் தப்பாப் போச்சுன்னா?”

ஜுலேகா ஜன்னல் வழியே குனிந்து கீழே இரண்டு டீ சொன்னாள்.

“போனா மறுபடி எடுத்துட்டு வாங்க சார். டீ குடிச்சுக்கிட்டே அழிப்போம்.”