வார்டுக்கு வராத திருத்தம்

மலையடிவாரத்து ஆசிரமம் ஒன்றில், இல்லாதவர் வீட்டுக் குழந்தைகளுக்காக ஒரு மருத்துவமனை நடந்துவந்தது. அங்கே கம்ப்யூட்டர் வேலைக்கெல்லாம் குரு தவமணி அம்மா. காவி கட்டியவர், நாற்பது வயது. அவருக்குச் சீடராக வந்த ஏகாம்பரத்துக்கு ஐம்பத்தாறு. பட்டணத்துக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, சேவை செய்ய வந்தவர்.

ஒரு காலை, ஒன்பதே முக்கால் மணி. நர்ஸ் ரெஜினா இரண்டு சீட்டுகளோடு ஓடிவந்தார்.

"அம்மா, ரெண்டரைக் கிலோகூட இல்லாத பச்சக் குழந்தை. பத்து மணிக்கு ஊசி. மருந்தகத்துச் சீட்டு பன்னிரண்டு மில்லிகிராம்ங்குது, வார்டு கம்ப்யூட்டர் பதினஞ்சுங்குது. நான் எதைப் போடறது?"

ஏகாம்பரம் சீட்டுகளை வாங்கிப் பார்த்தார்.

"பன்னிரண்டுதான் சரி. பழைய கணக்கு எடையை முழுக் கிலோவா ஏத்திடும். அதை நான் திருத்திட்டேனே!"

"எங்கே திருத்தினீங்க?" என்றார் குரு.

"என் லேப்டாப்ல."

குரு ஒரு தாளில் கணக்குப் போட்டார். ரெஜினாவைத் தனியாகப் போடச் சொன்னார். இருவருக்கும் பன்னிரண்டே வந்தது. டாக்டரும் போனில் அதையே சொன்னார்.

"போடுங்கம்மா. இதுவரைக்கும் பதினஞ்சு போயிருக்குன்னும் டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க."

அந்த மருந்து மிஞ்சினால் பிஞ்சுச் சிறுநீரகம் தாங்காது. ரெஜினா சிலுவைக் குறி போட்டுக்கொண்டு ஓடினார்.

குருவும் சீடரும் வார்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார்கள். ஏகாம்பரம் புது நிரலை ஏற்றினார். பேக்கேஜ் கிடைக்கவில்லை என்றது திரை. மறுபடி ஏற்றினார். மறுபடியும் அதையே சொன்னது.

மருந்துக் கணக்கை ஒவ்வொரு நிரலிலும் எழுதாமல், ஒரே பேக்கேஜாகக் கட்டி வைப்பது வழக்கம். அது எங்கே இருக்கிறது என்று, நிரலுக்கு வேண்டியவற்றின் பட்டியலில் ஒரு வரி இருக்கும்.

ஊசி போட்டுத் திரும்பிய ரெஜினாவிடம், "அந்த வரியைக் கொஞ்சம் படிங்க" என்றார் குரு.

"ஏகாம்பரம்... வேலை... மருந்து. அட, இது சாரோட லேப்டாப்ல இருக்கற ஃபோல்டரா? அப்போ எங்க வார்டு மெஷின் நடந்து சாரோட ரூமுக்கு வரணுமாக்கும்!"

ஏகாம்பரம் தலை நிமிரவில்லை. "இதோ, அந்த ஃபோல்டரை இதுல காப்பி பண்ணிடறேன். ரெண்டு நிமிஷம்."

குரு அவருடைய லேப்டாப்பை மூடி, தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"மருந்தகத்துக்கும் அப்படித்தானே காப்பி பண்ணீங்க?"

"ஆமாம்மா, நேத்து ராத்திரி."

"வார்டுக்கு?"

"விட்டுப்போச்சு."

"எல்லா மெஷினும் எடுத்துக்கிறதுக்குத்தானே பொதுச் சர்வர் இருக்கு? பேரும் வெர்ஷன் நம்பரும் போட்டு அதுல வெச்சிருக்கலாமே?"

ஏகாம்பரத்துக்குச் சுருக்கென்றது.

"வெச்சா நாலு பேர் திறந்து பார்ப்பாங்கம்மா. முப்பது வருஷம் இதே வேலை பார்த்தவன். ரெண்டு மூணு இடம் இன்னும் எனக்கே திருப்தியா இல்ல. ஒழுங்கா முடிச்சு, அப்புறம் பொதுவுல வெக்கலாம்னு இருந்தேன்."

"எடைக் கணக்கை மட்டும் எப்போ திருத்தினீங்க?"

"அதெல்லாம் எப்பவோ முடிச்சிட்டேன். பன்னிரண்டு நாள் ஆச்சு."

ரெஜினா தொட்டில் பக்கம் திரும்பிக்கொண்டார். "ரத்தம் எடுத்தாச்சும்மா," என்றார். "கிட்னி எப்படி இருக்குன்னு சாயங்காலம்தான் தெரியும்."

குரு தொட்டிலில் தொங்கிய அட்டையைக் கழற்றி ஏகாம்பரத்தின் கையில் கொடுத்தார்.

"இது பிறந்து ஒன்பது நாள்தான் ஆகுது, ஏகாம்பரம்."