உடும்பு நடந்து காட்டிய தரை

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் சந்தேகப்பட்டு வந்திருக்கிறேன். கதை முழுவதையும் அல்ல, அதில் ஓர் இடத்தை மட்டும். அந்த இடம் வரும்போது, எனக்கு இதைச் சொன்ன கரிச்சான் குருவி ஒவ்வொரு முறையும் பேச்சை வேகமாக்கிவிடும். சந்தேகப்படுவது என் சுபாவமோ என்றும் யோசித்திருக்கிறேன். அது சொன்னபடியே சொல்கிறேன்.

மலையடிவாரக் காட்டில் ஒரு சருகுமான் இருந்தது. முயல் அளவுதான் இருக்கும். அதன் குளம்புகள் மிகச் சிறியவை. ஒரு பாறை இடுக்குதான் அதன் வீடு. கீழே ஒரு முன்வாசல், மேலே ஒரு பின்வாசல். முன்னால் செந்நாய் வந்தால் பின்னால் ஓடிவிடலாம். அதற்கு இருந்த பாதுகாப்பு அது ஒன்றுதான்.

சருகுமான் சினையாக இருந்தது. மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. மழை பெய்தால் இடுக்கின் மண்தரை சேறாகிவிடும்.

“குட்டியின் கால் சேற்றில் புதைந்தால் அது எப்படி ஓடும்?” என்று சருகுமான் பயந்தது. தரைக்குக் கல் பதிக்க முடிவு செய்தது.

அந்தக் காட்டில் இரண்டு கல்கடைகள் இருந்தன. முதலில் ஓடைக்கரையில் இருந்த நண்டின் கடைக்குப் போனது. அங்கே கற்கள் பாதி தண்ணீரில் கிடந்தன. எல்லாம் சாம்பல் நிறம். எல்லாம் சொரசொரப்பு.

“வா, வா! முதல்ல அந்த ஈரக் கல்லு மேல ஏறு” என்றது நண்டு.

“கல்லைப் பாக்கத்தானே வந்தேன் மாமா? எதுக்கு ஏறணும்?”

“வீட்டுல கல்லைப் பாத்துக்கிட்டா இருக்கப் போற? நடக்கத்தானே போற! ஏறு! ஓடு! சட்டுனு திரும்பு!”

வயிற்றைச் சுமந்துகொண்டு சருகுமான் ஓடியது. மூச்சு வாங்கியது. எரிச்சலும் வந்தது.

“ஒண்ணுகூட கண்ணுக்கு அழகா இல்லையே! வீட்டுக்கு வர்றவங்க என்ன நினைப்பாங்க?”

“உன் வீட்டுக்குக் கூப்பிடாம வர்றது செந்நாய்தான். அதுக்கு எந்த நிறம் பிடிக்கும்னு கேட்டுட்டு வா!”

சருகுமானுக்கு முகம் சுண்டிவிட்டது. திரும்பி நடந்தது. நண்டு பின்னாலேயே வந்து ஒரு தட்டையான கல்லைத் தள்ளிவிட்டது.

“கோவிச்சுக்காதே. இந்த ஒண்ணை வீட்டுல போடு. மழையில நனையட்டும். நடந்து பாத்துட்டு அப்புறம் வந்து பேசு.”

வேண்டாம் என்று சொல்ல முடியாமல் அதை வாயில் கவ்விக்கொண்டு வந்தது சருகுமான். வழியில் உடும்பின் கடை இருந்தது.

அது வெயில் விழும் மேட்டில் இருந்தது. ஒவ்வொரு கல்லும் கண்ணாடி போல மின்னியது. ஒரு மயில் அதில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு கறையான் புற்று. உடும்பு அதைக் கிளறும்போதெல்லாம் ஈசல் பறக்கும். அவற்றைப் பிடித்துத் தின்ன, மேலே இருந்த கிளையில்தான் கரிச்சான் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கும்.

“வா தாயி, வா! வாயில என்ன, ஓடைக் கல்லா? அதைக் கீழே போட்டுட்டு இதைப் பாரு!”

சருகுமான் பார்த்தது. பார்த்துக்கொண்டே நின்றது. பிறகு மெதுவாகக் கேட்டது. “வழுக்குமா அண்ணாச்சி?”

“வழுக்குறதா? இப்பப் பாரு!”

உடும்பு ஓர் இலையில் தண்ணீர் கொண்டுவந்து கல்லின் மேல் ஊற்றியது. அதன் மேல் விடுவிடுவென்று ஓடியது. செங்குத்தாக நின்ற ஒரு பலகைக் கல்லிலும் ஏறியது. தலைகீழாகத் தொங்கி வாலை ஆட்டியது. கூடியிருந்த எல்லாரும் சிரித்தார்கள்.

“நான் என்ன கனம், நீ என்ன கனம்? எனக்கே வழுக்கல. பஞ்சு மாதிரி இருக்கிற உனக்கா வழுக்கப் போகுது?”

சருகுமானுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் ஒரு முன்காலைத் தூக்கி அந்த ஈரக் கல்லின் மேல் வைக்கப் போனது.

“ஏ புள்ள! சேத்துக் காலோட எங்க ஏறுற?” என்று மேலிருந்து யாரோ கத்தினார்கள். “மயிலக்கா பாத்துக்கிட்டு இருக்காங்க, கண்ணு தெரியல?”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சருகுமான் தன் காலைப் பார்த்தது. ஆமாம், ஓடைச் சேறு. கூசிப்போய்க் காலை இழுத்துக்கொண்டது.

“இல்லை... சும்மாதான்...”

“அதனால என்ன தாயி! வீட்டுல பதிச்சதும் ஆசை தீர நடந்துக்கோ!” என்றது உடும்பு.

சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. இடுக்கு முழுவதும் மின்னியது. நண்டின் கல்லை யார் கண்ணிலும் படாமல் பின்வாசல் ஓரத்தில் போட்டுவைத்தது சருகுமான். குட்டி பிறந்தது. காய்ந்த தரையில் அது தத்தித் தத்தி நடந்தபோது தாய்க்குப் பெருமையாக இருந்தது.

பிறகு மழை வந்தது.

தரை நனைந்த அன்றே செந்நாய்களின் சீழ்க்கை கேட்டது. முன்வாசலில் ஒரு சிவந்த முகம் தெரிந்தது.

“ஓடு!” என்றது தாய்.

குட்டி ஓடியது. ஓடிய இடத்திலேயே இருந்தது. நான்கு கால்களும் நான்கு பக்கம் போயின. தாய் தலையால் முட்டி அதை மேலே தள்ளியது. தாயின் குளம்பும் வழுக்கியது. இரண்டும் முன்வாசலை நோக்கிச் சறுக்கி வந்தன.

“அண்ணே, நாம உள்ளே போக வேண்டாம்!” என்று வெளியே ஒரு செந்நாய் இளித்தது. “சாப்பாடு தானா இறங்கி வருது!”

தாய் தன் உடம்பை இடுக்கின் குறுக்கே அடைத்துக்கொண்டு கிடந்தது.

“என் முதுகுல ஏறு! ஏறிக் குதி!”

குட்டி ஏறியது. குதித்தது. அதன் கால்கள் நண்டின் கல்லில் விழுந்தன. வழுக்கவில்லை. ஒரே தாவலில் வெளியே போய்விட்டது.

அதற்குள் தாயின் பின்னங்கால் ஒரு வாய்க்குள் இருந்தது. தாய் உதைத்தது. திரும்பத் திரும்ப உதைத்தது. ஒரு முன்குளம்பு நண்டின் கல்லின் விளிம்பைத் தொட்டது. அதைப் பற்றிக்கொண்டு உடம்பை இழுத்தது. கால் கிழிந்தது. உயிரோடு வெளியே வந்துவிட்டது.

அதன் பிறகு சருகுமானால் ஓட முடியவில்லை. நொண்டிக்கொண்டே உடும்பின் கடைக்குப் போனது.

“வழுக்காதுன்னு நடந்து காட்டினீங்களே!”

“நடந்தேன். எனக்கு வழுக்கல. இதுல பொய் எங்க இருக்கு?”

அப்போதுதான் சருகுமான் உடும்பின் கால்களைப் பார்த்தது. ஒவ்வொரு விரலிலும் கொக்கி போல வளைந்த நகம்.

தரையைச் சோதிக்க வேண்டியது அதன் மேல் ஓடப்போகிற கால்தான், விற்பவனின் கால் அல்ல.

இந்த நீதியைச் சொல்லி முடித்ததும் கரிச்சான் வழக்கமாகப் பறந்துவிடும். போன வாரம் அது என் வீட்டுக் கம்பியில் இருந்து கிளம்புவதற்கு முன் நான் கேட்டுவிட்டேன்.

“அன்றைக்கு அந்தக் கிளையில் உன்னைத் தவிர வேறு யார் உட்கார்ந்திருந்தார்கள்?”