மூணு கண் பாலம்

ஒரு ஊர்ல ஒரு மூணு கண் பாலம் இருந்துச்சு. ரோட்டுக்கு அடியில ஓடைத் தண்ணி போறதுக்கு மூணு ஓட்டை. அதத்தான் கண்ணுன்னு சொல்லுவாங்க. ம் கொட்டு, இல்லன்னா நிறுத்திருவேன்.

"ம்."

பாலத்துக்கு மேற்க, பள்ளத்துல இசக்கின்னு ஒருத்தி இருந்தா. அவளைப் பெத்த அய்யாவுக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துபோச்சு. படுத்தது படுத்ததுதான். பாலம் அடைச்சா தண்ணி முதல்ல அந்த வீட்டுக்குள்ளதான் ஏறும். ஐப்பசி பொறந்தாலே அவ வானத்தையும் பாலத்தையும் மாறி மாறிப் பாத்துக்கிட்டே இருப்பா.

ஒரு ஐப்பசி, அவளே மம்பட்டியத் தூக்கிட்டு இறங்கிட்டா. முதக் கண்ணுல மண்ணு. சரட்டு சரட்டுன்னு வெட்டி அள்ளினா. அப்புறம் ரெண்டாங் கண்ணுல ஆகாயத்தாமரையும் எவனோ போட்ட பஞ்சு மெத்தையும். சதக் சதக்னு மிதிச்சு இழுத்துப் போட்டா. அப்புறம் மூணாங் கண்ணு. அதுதான் பெருசு. குனிஞ்சு பாத்தா, உள்ள பூராவும் சாமி!

"சாமியா?"

சாமி படம். கண்ணாடி உடைஞ்சது, கரையான் அரிச்சது. வீட்டுல வச்சா ஆகாதாம், குப்பையில போட்டா பாவமாம், ஓடுற தண்ணியில விட்டாப் புண்ணியமாம். ஓடையில சொட்டுத் தண்ணி இல்லாத சித்திரையிலயும் கொண்டாந்து விட்டிருக்காங்க, புத்திசாலிங்க!

அப்போ பூசாரி கொம்பையா ஓடி வந்தாரு. "ஏ இசக்கி! சாமி மேலயா மம்பட்டி போடுத?"

"கையால எடுக்கேன் அண்ணாச்சி."

"இன்னைக்குச் செவ்வா. வெள்ளிக்கிழமை சூடம் காட்டிட்டு எடுப்போம்."

அவளுக்கும் உள்ளுக்குள்ள பயந்தான். சரின்னுட்டா. வெள்ளிக்கிழமை போனா. "ஊர்ல சாவு, தீட்டு கழியட்டும்"னாரு. மறு வெள்ளி போனா. "அஷ்டமி"ன்னாரு. மூணாவது வெள்ளிக்கு முந்தின நாளே மழை வந்துட்டு. சோ...ன்னு பிடிச்ச மழை உச்சிப்பொழுது வரைக்கும் விடல.

ம்?

"ம்..."

வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி. அய்யாவைத் தனியாத் தூக்கிட்டுப் போக முடியல. கத்துனா மழையில யாருக்குக் கேக்கும்? மூச்சைப் பிடிச்சுப் பெஞ்சு மேல ஏத்திப் படுக்க வச்சா. "அய்யா, பாலத்தத் திறந்துட்டு வந்துருதேன்."

"போ தாயி. நான் எங்க போகப் போறேன்?"

கழுத்துத் தண்ணியில நின்னு ஒவ்வொரு படமா இழுத்தா. கண்ணாடி கையைக் கிழிச்சுது. அப்பவும் ஒவ்வொண்ணையும் கண்ணுல ஒத்திக்கிட்டுத்தான் கரையில வச்சா, பாவி மக. கடைசிச் சட்டத்தைப் பிடுங்கினா, குபுக்! மடமடன்னு வடிய ஆரம்பிச்சுது.

ஓடினா. பெஞ்சு கவுந்து கிடந்துச்சு.

"அவ அய்யா?"

இல்லடி தங்கம். அவ வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு.

மழை விட்டதும் ஊரே வந்துச்சு. பூசாரி தலையில அடிச்சுக்கிட்டு அழுதாரு. இசக்கி அழல. ரத்தக் கையால கரையைக் காட்டினா. "உங்க சாமியெல்லாம் அங்க இருக்கு. அவங்கவங்க வீட்டுப் படத்தைப் பாத்து எடுத்துட்டுப் போங்க."

அத்தனை பேர் நின்னாங்க. "இது எங்க வீட்டுது"ன்னு ஒரு நாக்குக்கூட அசையல.

மழையும் வடிஞ்சுது, கதையும் வடிஞ்சுது. கண்ணை மூடு, தூங்கு.