நெருஞ்சிப் பாதையில் அப்பனும் மகனும்

ஏரிக்கரையை ஒட்டிய முள்காட்டில் நரைவாலன் என்றொரு கீரி இருந்தது. அதன் மகன் சுருக்கன். மகன் என்றால் குட்டி இல்லை, தோளுக்கு மேல் வளர்ந்த மகன்.

இரண்டும் ஒரு பள்ளத்து வளையில் குடியிருந்தன. போன ஐப்பசியில் ஏரித் தண்ணீர் அந்த வளைக்குள் புகுந்துவிட்டது. சுருக்கனின் அம்மா அந்த வெள்ளத்தோடு போய்விட்டாள். இந்த வருஷமும் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

அந்தக் காட்டில் மழைக்குத் தாங்கும் வீடு ஒன்றே ஒன்றுதான். அது மேட்டுப் புற்று! எவ்வளவு கொட்டினாலும் உள்ளே ஒரு சொட்டு இறங்காது. அதில் இருந்த கிழட்டு உடும்பு கோடையில் செத்துப்போனதால் புற்று காலியாகக் கிடந்தது.

காலி வீட்டை யாருக்குக் கொடுப்பது? அதற்கு அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஒற்றைப் பனையில் தொடங்கிப் புற்றுவரை ஓட வேண்டும். நூறு பாய்ச்சல் தூரம்கூடத் தேறாது. ஆனால் தனியாக ஓடக் கூடாது. பெற்றவரும் வளர்ந்த பிள்ளையும் சேர்ந்து ஓட வேண்டும். இரண்டு பேரில் பின்னால் வருபவர் எப்போது புற்றைத் தொடுகிறாரோ, அதைத்தான் பார்ப்பார்கள். வீடு குடும்பத்துக்கு, ஒருத்தருக்கு இல்லை என்று அந்தக் காலத்தில் யாரோ புத்திசாலி வைத்த ஏற்பாடு.

இந்த முறை கீரிகளை எதிர்த்து நின்றது முள்ளம்பன்றி முள்ளாயியும் அவள் மகள் சலங்கையும்தான். "முள்ளம்பன்றி ஓடுமா? கீரிகள் உள்ளே போய் ஒரு தூக்கம் போட்டு எழுந்த பிறகுதான் அதுங்க வந்து சேரும்!" என்று காடே சிரித்தது.

நரைவாலனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கோடையில் ஒரு விரியனோடு போட்ட சண்டையில் அதன் இடது முன்னங்கால் பழுதாகியிருந்தது. வேகம் எடுத்தால் அந்தக் கால் மடங்கிக்கொள்ளும். வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று மகனிடம்கூட மூச்சு விடவில்லை. யாருக்கும் தெரியாது என்றும் நம்பிக்கொண்டிருந்தது.

கீரிக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. ஓர் இலை அசைந்தாலும் பின்னங்காலில் எழுந்து நின்று நாலு பக்கமும் பார்க்கும். பாம்பு திரியும் காட்டில் அது நல்ல பழக்கம்தான். ஆனால் நரைவாலன் வாயில் வைத்த எலியைக்கூட மறுபடி எடுத்து முகர்ந்து பார்க்கிற ரகம்!

புற்றின் மேல் ஒரு காரைச்செடி வளர்ந்திருந்தது. அதில் தலையாட்டி என்ற ஓணான் வசித்தது. கீரிகள் குடிவந்தால் முதல் நாள் விருந்தே தான்தான் என்று அதற்குத் தெரியும். முள்ளம்பன்றிகள் தின்பதோ கிழங்கும் வேரும். ஓணான் யார் பக்கம் நிற்கும், நீங்களே சொல்லுங்கள்!

போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம், எட்டாத கிளையில் பத்திரமாக உட்கார்ந்துகொண்டு அது நரைவாலனைக் கூப்பிட்டது.

"அண்ணே! சொல்லலாமா வேண்டாமான்னு யோசிக்கிறேன்."

"சொல்லித் தொலை!"

"உங்க மகனை மத்தியானம் ஓட்டப் பாதையில பார்த்தேன். குனிஞ்சு குனிஞ்சு ஏதோ பண்ணிக்கிட்டிருந்தான்."

"என்ன பண்ணினான்?"

"தரையில எதையாவது வச்சானா, எடுத்தானா, அவ்வளவு தூரத்துல தெரியல. சலங்கைப் பொண்ணும் பக்கத்துல நின்னு பேசிக்கிட்டிருந்துச்சு. நமக்கெதுக்கு வம்பு!"

ஓணான் நாலு தரம் தலையை ஆட்டிவிட்டு இலைக்குள் போய்விட்டது. அது ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. வேலை முடிந்துவிட்டது.

பொழுது சாயும் நேரத்தில் சுருக்கன் வீடு திரும்பியது. அதன் உதட்டில் ரத்தம்.

"வாயில என்னடா?"

"ஒண்ணுமில்லப்பா." சுருக்கன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவசரமாக நக்கிக்கொண்டது.

"எங்க போயிருந்த?"

"சும்மா, காலாற நடந்துட்டு வந்தேன்."

நரைவாலன் மனசுக்குள் கணக்குப் போட்டது. 'முள்ளாயி வீட்டில் விருந்து நடந்திருக்கிறது! ஒரு வாரமாகப் பயிற்சியில் இவன் ஏன் மெதுவாக ஓடுகிறான் என்று இப்போது புரிகிறது. காற்றாய்ப் பறக்கிறவன், என் பக்கத்தில் வந்தால் மட்டும் ஆமையாகிவிடுகிறான். தோற்பதாகப் பேசி வைத்திருக்கிறான்! புற்றில் இவனுக்கு ஓர் ஓரம். எனக்கு அந்தப் பள்ளம். இவன் அம்மா போன பள்ளம்!'

வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மகன் தூங்குகிறானா, தூங்குவதுபோல நடிக்கிறானா என்று பார்த்துக்கொண்டே படுத்திருந்தது.

மறுநாள் காலை ஒற்றைப் பனையடியில் காடே கூடியது. ஓட்டத்தைத் தொடங்கிவைக்க ஆள்காட்டிக் குருவி வந்து நின்றது. சுருக்கன் அப்பாவின் காதருகே குனிந்தது.

"அப்பா, பாதைக்கு நடுவிலேயே ஓடுங்க. என்ன ஆனாலும் ஓரத்துல இறங்காதீங்க!"

'நடுவிலா? ஏன் அவ்வளவு அக்கறை? நடுவில் என்ன வைத்திருக்கிறான்?' நரைவாலனின் ரோமம் சிலிர்த்தது.

குருவி கத்தியது. நாலும் ஓடின.

முதல் இருபது பாய்ச்சலிலேயே கீரிகள் வெகுதூரம் முந்திவிட்டன. பின்னால் முள்ளாயியும் சலங்கையும் சண்டை போட்டுக்கொண்டே உருண்டு வந்தன. "இடிக்காதேடி!" "நீதான் இடிக்கிறே!" முட்கள் சலசலவென்று சத்தம் போட்டன. ஆனாலும் கால்கள் நிற்கவில்லை.

பாதி தூரத்தில் நரைவாலனின் இடது கால் லேசாக மடங்கியது. அந்த நொடியே சுருக்கனும் வேகத்தைக் குறைத்தது.

'பார்த்தாயா! ஆரம்பித்துவிட்டான்!'

நரைவாலன் சட்டென்று நின்றது. பின்னங்காலில் எழுந்து நாலு பக்கமும் பார்த்தது.

"ஏம்ப்பா நின்னுட்டீங்க? ஓடுங்க!"

"முன்னால என்னடா வச்சிருக்க? சொல்லு!"

"ஒண்ணும் வைக்கலப்பா! அதுங்க வந்துடும், ஓடுங்க!"

"நடுவில் ஓடச் சொல்லி என்னைக் கவிழ்க்கப் பார்க்கிறியா? உன் அப்பன்டா நான்!"

சொல்லிவிட்டு நரைவாலன் பாதையின் ஓரத்தில் பாய்ந்தது. ஒரு பாய்ச்சல், இரண்டு பாய்ச்சல். மூன்றாவதில் "ஐயோ!" என்று அலறி விழுந்தது. ஓரம் முழுக்க நெருஞ்சி! பழுதான காலில் மட்டும் ஏழெட்டு முட்கள்.

சுருக்கன் நினைத்திருந்தால் புற்றுக்கு ஓடியிருக்கலாம். ஆனால் ஓடி என்ன பிரயோசனம்? நெருஞ்சிக்குள் இறங்கி அப்பாவின் பாதத்தைப் பிடித்து ஒவ்வொரு முள்ளாகப் பல்லால் பிடுங்கத் தொடங்கியது. முள்ளம்பன்றிகள் பாதை நடுவிலேயே இரைக்க இரைக்கத் தாண்டிப் போயின.

கடைசி முள்ளைப் பிடுங்கிவிட்டுச் சுருக்கன் நிமிர்ந்தது. அதன் உதட்டில் ரத்தம். நேற்று இருந்த அதே ரத்தம்.

நரைவாலன் திரும்பிப் பாதையைப் பார்த்தது. பனையிலிருந்து புற்றுவரை, சரியாக ஒரு கீரி ஓடும் அகலத்துக்கு, நடுவில் மட்டும் ஒரு முள்கூட இல்லை.

"கால் விஷயம் உனக்கு எப்படிடா தெரியும்?"

"கோடையிலேயே தெரியும்ப்பா. நீங்க மறைச்சீங்க. சரி, நாமும் தெரியாத மாதிரியே இருப்போம்னு இருந்துட்டேன்."

புற்றைத் தொட்டுவிட்ட சலங்கை அங்கிருந்தே கத்தியது: "நேத்து நான்கூடக் கேட்டேன் மாமா! 'இப்படி வாயைக் கிழிச்சுக்கணுமா'ன்னு. 'எங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதே'ன்னான்!"

காரைச்செடியில் ஓணான் நிம்மதியாகத் தலையை ஆட்டியது.

அன்று மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. மேட்டுப் புற்றுக்குள் அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு, திட்டிக்கொண்டு, நனையாமல் கிடந்தன. கீரிகளின் பள்ளத்து வளை இருட்டுவதற்குள் மூழ்கிவிட்டது. இரண்டும் கொட்டுகிற மழையில் வேறு இடம் தேடிப் புறப்பட்டன. நரைவாலன் நொண்டி நொண்டி நடந்தது. பின்னால் ஒரு காலடிச் சத்தம், அதன் நடைக்கு ஏற்ப மெதுவாக வந்துகொண்டிருந்தது. வழியில் எத்தனையோ இலைகள் அசைந்தன. நரைவாலன் ஓரிடத்திலும் எழுந்து நின்று திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க அதற்கு முகம் இல்லை.

நமக்காகக் குனிந்தவனை நமக்குக் குழி பறிக்கிறவன் என்று சந்தேகப்பட்டால், அவன் முள் பொறுக்கிய பாதையை விட்டுவிட்டு, முள்ளை நாமே தேடிப்போய் மிதிப்போம்.