வீடெங்கும் சபாநாயகம்

“இந்தாங்க டீச்சர், உங்க புத்தகம். நான் பரீட்சை எழுதல.”

ஐம்பத்து நாலு வயதில் தபால் வழியில் எம்.எஸ்ஸி. இயற்பியல் சேர்ந்தவர் மங்கையர்க்கரசி. பாடம் சொல்லித்தரும் குழலி அவரைவிடச் சின்னவள்.

“என்னக்கா ஆச்சு?”

“இருக்கிறது ஒரே ஒரு பெட்டி வாயு. அதையே ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நிலையில இருக்கிற ஆயிரம் பெட்டியா நினைச்சுக்கோ, அதுதான் என்செம்பிள்ங்கறாங்க. மூலக்கூறெல்லாம் எங்க இருக்கு, எந்தப் பக்கம் எவ்வளவு வேகமா போகுதுன்னு ரெண்டையும் சேர்த்துக் காட்டுற ஃபேஸ் ஸ்பேஸ்ல, ஒவ்வொரு பெட்டியும் ஒரு புள்ளியாம். இல்லாத பெட்டியை எதுக்கு நினைக்கணும்? நேத்து அழுதே விட்டேன். இந்த வயசுல எனக்கு இது தேவையா?”

குழலி சாக்பீஸால் தரையில் ஒரு வீடு வரைந்தாள். கூடம், சமையலறை, வாசல், கேட், எல்லாம். பல்லாங்குழிக்கு வைத்திருந்த புளியங்கொட்டை டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“உங்க வீட்டுக்காரர் சபாநாயகம் சார் இப்ப எங்க இருப்பார்?”

“வீட்லதான். இன்னிக்கு கேஸ் சிலிண்டர் வருது. அந்தண்ட இந்தண்ட நகர முடியாது.”

“வீட்ல எங்க? எங்கெங்க இருக்கலாமோ அங்கெல்லாம் கொட்டை வைங்க.”

மங்கையர்க்கரசி கூடத்தில் ஒரு கொட்டை வைத்தார்.

“பேப்பர் படிப்பார்.”

யோசித்துவிட்டு அங்கேயே ஒரு கை கொட்டையைக் கொட்டினார்.

“பாதி நாள் அங்கதான். இல்லேன்னா மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கிட்டு அலமாரிகிட்ட.” அங்கே இரண்டு.

சமையலறை நிலைப்படியில் ஒன்று. “சர்க்கரை வியாதி. நான் இல்லேன்னா அதிரசத்துக்குக் கிளம்பிடுவார்.”

“உள்ள போறாரா, வெளிய வர்றாரா?”

“ரெண்டும் உண்டே! போறப்ப பூனை மாதிரி. வர்றப்ப ஒரே ஓட்டம்.”

“இடம் ஒண்ணுதான், வேகம் வேற. அப்ப அது ஒண்ணு, இது ஒண்ணு.”

அதே நிலைப்படியில் இன்னொரு கொட்டை.

குழலி தரையைப் பார்த்தாள்.

“அக்கா, உங்களுக்கு எத்தனை வீட்டுக்காரர்?”

“சிவசிவா! ஒருத்தரையே சமாளிக்க முடியல!”

சொன்னவர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். தரை முழுக்கச் சபாநாயகம். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

செல்போன் அடித்தது. அவரேதான்.

“புரிஞ்சுதா மங்கை?”

“அது இருக்கட்டும். நீங்க இப்ப எங்க இருக்கீங்க?”

“கேட் பக்கத்துல. ரொம்ப நேரமா நிக்கறேன். நீ அழுதுக்கிட்டு வந்தீன்னா, தூரத்துலயே பார்த்துடலாமேன்னு.”

மங்கையர்க்கரசி தரையைப் பார்த்தார். கேட் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. கண் நிறைந்துவிட்டது.

ஒரு கையால் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மறு கையை நீட்டினார்.

“இன்னொரு கொட்டை குடுங்க, டீச்சர்.”