செம்பட்டை எலி போட்ட கடல் திட்டம்

கடலோரச் சவுக்குக் காட்டில் ஒரு தாழம்புதர் இருந்தது. அதன் வேரடியில் செம்பட்டை என்ற எலி குடும்பத்தோடு குடியிருந்தது. மனைவி பெயர் கருவிழி. மகன் வாலன். மகள் முத்துப்பல்.

ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் கடற்காகம் ஒன்று புதரின் மேல் வந்து இறங்கியது.

"கருவிழி! அக்கரையிலிருந்து உன் தங்கச்சி சொல்லி அனுப்பினா!"

தங்கச்சியின் பெயர் தேன்விழி. சில மாதங்களுக்கு முன்பு அது ஒரு தோணியில் ஏறி, வலைக்குவியலுக்குள் தூங்கிப்போனது. கண் விழித்தபோது இலங்கைக் கரை. திரும்பி வர வழி தெரியவில்லை. அங்கேயே ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு தங்கிவிட்டது.

"அவளுக்கு என்ன ஆச்சு?" என்று பதறியது கருவிழி.

"நல்ல சேதிதான். தலைப்பிரசவம். அமாவாசையை ஒட்டிக் குட்டி போட்டுடுவா. 'தாய்வீட்டு ஆளுன்னு எனக்கு அக்காவை விட்டா யாரு? அவ வரலைன்னா எனக்குப் பயமா இருக்கு'ன்னு ஒரே அழுகை!"

எலிக் குலத்தில் அது வழக்கம். தலைப்பிரசவத்தில் தாய்வீட்டு ஆள் ஒருத்தியாவது பக்கத்தில் இருந்து, பிறந்த குட்டிகளை நக்கித் துடைத்துத் தாயின் மடியில் சேர்க்க வேண்டும். அப்படி யாரும் இல்லாவிட்டால், மிரண்டுபோன இளந்தாய் குட்டிகளை அப்படியே போட்டுவிட்டு ஓடிவிடுவதும் உண்டு.

"எப்படிப் போறது?" என்று கேட்டது கருவிழி.

"கச்சான் காற்று அடிக்குதே! மேற்கிலிருந்து தள்ளிக்கிட்டே போகும். ஒரு பகல் ஓட்டம். அமாவாசை தாண்டினா காற்றை நம்ப முடியாது. பார்த்துக்கோ!" என்று சொல்லிவிட்டுக் கடற்காகம் பறந்தது.

கரையில் ஒரு தென்னம்பாளை விழுந்து காய்ந்து கிடந்தது. பார்ப்பதற்குப் படகு மாதிரியே இருக்கும். கருவிழி அதைப் பார்த்தது. பிறகு செம்பட்டையைப் பார்த்தது.

"இதில் யோசிக்க என்ன இருக்கு!" என்று மீசையை முறுக்கியது செம்பட்டை. "குடும்பத்தோட போறோம்! நம்ம சொந்தப் படகில போறோம்!"

குட்டிகள் இரண்டும் கரணம் அடித்தன.

"நாளைக்குக் காலையில் கிளம்பலாமா?" என்று கேட்டது கருவிழி.

"நாளைக்கா?" செம்பட்டையின் மீசை சற்றே தொங்கியது. "கடல் பயணம்னா வயலுக்குப் போற மாதிரியா? முதல்ல திட்டம் போடணும்!"

அன்று மாலையே முதல் கூட்டம் கூடியது. கடல் விஷயத்தைக் கரையில் உட்கார்ந்து பேசக் கூடாது, படகில் உட்கார்ந்து பேசினால்தான் கடல் யோசனை வரும் என்று செம்பட்டை சொல்லிவிட்டது. ஆகவே எல்லோரும் மணலில் கிடந்த பாளைக்குள் ஏறினார்கள். செம்பட்டை படகுத் தலைவன் என்பதால் பின்முனையில் உட்கார்ந்தது. குட்டிகள் நடுவில் ஆளுக்கொரு பக்கம். கருவிழி முன்முனையில் உட்கார்ந்து, பூவரச இலைகளைத் தென்னை நாரால் தைத்துப் பாய் செய்யத் தொடங்கியது.

"இலங்கைக்குப் போறோம். சரி. ஆனால் அவ்வளவு தூரம் போயிட்டு மாலத்தீவைப் பார்க்காம திரும்பினா நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா?" என்றது செம்பட்டை.

"அங்க என்னப்பா இருக்கு?" என்று கேட்டது வாலன்.

"மாசிக் கருவாடு! குவிச்சு வச்சிருப்பாங்க!"

"அப்போ அங்கயும் போகணும்!" என்றது முத்துப்பல்.

"பொறு, பொறு. எந்தப் பக்கமாப் போறதுன்னு யோசிக்கணும்."

எலிக்கு யோசனை வந்தால் பல் சும்மா இருக்காது. செம்பட்டை படகின் விளிம்பைக் கறுக் கறுக்கென்று கொறித்துக்கொண்டே யோசித்தது. அப்பா யோசிப்பதைப் பார்த்துக் குட்டிகளும் யோசித்தன. கறுக் கறுக், கறுக் கறுக்! கருவிழிக்குப் பல்லால் நார் அறுக்கிற வேலை இருந்ததால் அது மட்டும் கொறிக்கவில்லை.

இரண்டாம் நாள் கூட்டத்தில் பர்மா சேர்ந்தது.

"அங்க என்னப்பா?"

"அரிசிடா! மலை மலையா அரிசி!"

மூன்றாம் நாள் மலேயா சேர்ந்தது. நான்காம் நாள், சுக்கானை யார் பிடிப்பது என்று வாலனும் முத்துப்பல்லும் சண்டை போட்டன. ஐந்தாம் நாள்தான் படகுக்குச் சுக்கானே இல்லை என்பது தெரிந்தது. ஒரு தாழை மடலை வெட்டிச் சொருகினார்கள். ஆறாம் நாள் முத்துப்பல் ஒரு சந்தேகம் கேட்டது.

"அப்பா, பர்மா எலி என்ன பாஷை பேசும்?"

செம்பட்டை திடுக்கிட்டது. இது பெரிய கேள்வி அல்லவா! பாஷை தெரியாவிட்டால் மரியாதையாவது தெரிய வேண்டும். பர்மா எலியைக் கண்டால் வாலை நீட்ட வேண்டுமா, சுருட்ட வேண்டுமா? அதற்கு மூன்று நாள் ஆனது. நீட்டிச் சுருட்டலாம் என்று முடிவாயிற்று. அந்த மூன்று நாளும் கறுக் கறுக், கறுக் கறுக்!

ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் கருவிழி ஒரே கேள்வியைத்தான் கேட்டது.

"என்னங்க, நாளைக்குக் கிளம்பலாமா?"

"இன்னும் மலேயா முடிவாகலையே கருவிழி!"

"என் தங்கச்சி மலேயாவிலா இருக்கா?"

"உனக்குத் திட்டம்னா என்னன்னு தெரியாது!"

பக்கத்து வளையில் ஒரு நண்டு இருந்தது. தினமும் மாலையில் வெளியே வந்து கூட்டத்தை வேடிக்கை பார்க்கும். பத்தாம் நாள் அதற்கு வாய் பொறுக்கவில்லை.

"ஓய் மீசைக்காரரே! படகைத் தண்ணியில் ஒரு தடவையாவது இறக்கிப் பார்த்தீரா?"

"திட்டம் முடியாம இறக்குறதா? இது என்ன வாய்க்காலா?"

"சரி, போகட்டும். படகு நாளுக்கு நாள் தாழ்ந்துக்கிட்டே வருதே, அதையாவது கவனிச்சீரா?"

"நீர் எதையும் பக்கவாட்டிலேயே பார்க்கிறவர். உமக்கு அப்படித்தான் தெரியும்! நேரா நடக்கத் தெரியாதவர் எனக்குக் கடல் வழி சொல்ல வந்துட்டார்!"

குட்டிகள் விழுந்து விழுந்து சிரித்தன. நண்டு கொடுக்கை மடக்கிக்கொண்டு வளைக்குள் போய்விட்டது.

ஆனால் கூட்டம் கலைந்ததும் செம்பட்டை தனியாகக் கடலோரம் போய் நின்றது. ஒரு சின்ன அலை வந்து அதன் முன்கால்களை நனைத்தது. செம்பட்டை துள்ளிப் பின்வாங்கியது. சுற்றுமுற்றும் பார்த்தது. யாரும் இல்லை. அது பிறந்ததிலிருந்து வயிறு நனையும் அளவுக்குக்கூடக் கடலில் இறங்கியது இல்லை. பயம் என்று சொன்னால் வெட்கம். திட்டம் என்று சொன்னால் மரியாதை. அது புதருக்குத் திரும்பி வந்து, "அந்தமானையும் சேர்த்துக்கலாம்!" என்று அறிவித்தது.

பதின்மூன்றாம் நாள் விடியலில் கடற்காகம் மூச்சிரைக்க வந்து விழுந்தது.

"இன்னும் இங்கயா இருக்கீங்க? நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள அவ பெத்துடுவா! நான் வர்றப்போ வளைக்கும் வாசலுக்குமா ஓடிக்கிட்டு இருந்தா. 'அக்கா படகு தெரியுதா, அக்கா படகு தெரியுதா'ன்னு கேட்டுக்கிட்டே இருக்கா!"

கருவிழி எழுந்தது. பாயைச் சுருட்டித் தோளில் போட்டது.

"இப்பவே கிளம்பறோம்."

"ஆனா அந்தமான்..." என்றது செம்பட்டை.

"அந்தமான் அங்கேயே இருக்கட்டும்! தள்ளுங்க படகை!"

தள்ளினார்கள். சவுக்குக் குச்சியை நட்டு, பாயைக் கட்டினார்கள். எல்லோரும் அவரவர் இடத்தில் ஏறினார்கள். கச்சான் காற்று பாயை உப்ப வைத்தது. படகு நகர்ந்தது!

"போறோம்! போறோம்!" என்று கத்தின குட்டிகள்.

பத்து அடி போயிருக்கும். செம்பட்டைக்குப் பின்னால் ஏதோ ஜில்லென்றது. அது திரும்பிப் பார்த்தது. விளிம்பு இருந்த இடத்தில் விளிம்பு இல்லை. கடல் தாராளமாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

"ஐயோ! படகு ஓட்டை!"

பின்முனை மூழ்கியது. படகுத் தலைவனின் மீசை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. வாலன் அப்பாவின் காதைப் பிடித்தது. முத்துப்பல் வாலனின் வாலைப் பிடித்தது. கருவிழி பாய்க்கயிற்றைப் பல்லில் கவ்விக்கொண்டு, படகையும் குடும்பத்தையும் சேர்த்துக் கரைக்கு இழுத்து வந்தது.

படகைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினார்கள். அப்போதுதான் எல்லோரும் அதை நன்றாகப் பார்த்தார்கள். முன்முனை புத்தம் புதிதாக இருந்தது. நடுவில் விளிம்பு பாதிதான் இருந்தது. பின்முனையில் விளிம்பே இல்லை. தட்டு மாதிரி இருந்தது.

"எந்தப் பாவி செய்த வேலை இது!" என்று கத்தியது செம்பட்டை.

முத்துப்பல் கிட்டே போய் முகர்ந்து பார்த்தது. "சின்னப் பல் தடம் எங்களோடது. பெரிய பல் தடம் எல்லாம் உங்களோடதுப்பா."

செம்பட்டை நாக்கால் தன் பல்லைத் தடவிப் பார்த்தது. ஒரு தென்னை நார் இன்னும் இடுக்கில் சிக்கியிருந்தது.

"மாலத்தீவு போச்சு, பர்மா போச்சு, மலேயா போச்சு!" என்று வளையிலிருந்து ஒரு குரல் வந்தது. நண்டு வெளியே வந்து படகைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தது. "எல்லா நாட்டையும் உட்கார்ந்த இடத்திலேயே தின்னு முடிச்சுட்டீங்களே!"

யாரும் சிரிக்கவில்லை. கருவிழி கிழக்கே பார்த்தபடி நின்றது. அதன் கண்ணில் நீர் நிறைந்திருந்தது. அதைப் பார்த்ததும் நண்டும் கேலியை நிறுத்திக்கொண்டது.

"இந்தாம்மா, அழாதே," என்றது. "நாலு பேர் ஏறினா பின்பக்கம் முங்கும். ஒரே ஒரு ஆள் முன்முனையில் ஒட்டி உட்கார்ந்தா முன்பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் தூக்கிக்கும். தண்ணி ஏறாது. ஒருத்தர் போகலாம்."

எல்லோரும் செம்பட்டையைப் பார்த்தார்கள். படகுத் தலைவன் அல்லவா!

செம்பட்டை வாயைத் திறந்தது. வழக்கம்போல ஏதோ பெரிதாகச் சொல்லப் பார்த்தது. அலை ஒன்று வந்து காலைத் தொட்டது. அது துள்ளிப் பின்வாங்கியது. இந்த முறை எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

"கருவிழி," என்றது செம்பட்டை மெதுவாக. "எனக்குக் கடல்னா பயம். முதல் நாளிலிருந்தே பயம். அதுதான் ஒவ்வொரு நாடாச் சேர்த்துக்கிட்டே போனேன்."

"தெரியும்," என்றது கருவிழி.

"தெரியுமா! எப்போதிலிருந்து?"

"நீங்க மாலத்தீவுன்னு சொன்னப்பவே சந்தேகம். பர்மான்னு சொன்னப்போ நிச்சயம். நீங்களா வாய் திறந்து சொல்லட்டும்னு பார்த்தேன். சொல்லியிருந்தா நான் முதல் நாளே தனியாப் போயிருப்பேன். அவளும் இத்தனை நாள் அழுதிருக்க மாட்டா. உங்க பயத்துக்கு நான் கோபப்படலைங்க. பதின்மூணு நாளுக்குத்தான் கோபம்."

செம்பட்டை தலையைக் குனிந்துகொண்டது.

"பிள்ளைங்களைப் பார்த்துக்கோங்க. வாடைக் காற்று திரும்பினதும் அதுவே என்னை இந்தப் பக்கம் தள்ளிக்கிட்டு வந்துடும்," என்றது கருவிழி. குட்டிகளின் நெற்றியை நக்கிக் கொடுத்தது. பிறகு முன்முனையில் ஏறி ஒட்டி உட்கார்ந்தது. நண்டு சொன்னதுபோலவே பின்முனை மேலே எழும்பியது.

செம்பட்டை கண்ணை மூடிக்கொண்டு, வயிறு நனையும் வரை கடலில் இறங்கிப் படகைத் தள்ளிவிட்டது. அவ்வளவுதான் அதனால் முடிந்தது. பூவரசப் பாய் வர வரச் சிறிதாகி, கடைசியில் ஒரு பச்சைப் புள்ளியாகி மறைந்தது. கடற்காகம் கூடவே பறந்தது.

அன்று முழுவதும் செம்பட்டை எதையும் கொறிக்கவில்லை. மறுநாளும் கரையை விட்டு நகரவில்லை. மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் கடற்காகம் திரும்பி வந்தது.

"போய்ச் சேர்ந்துட்டா! வாசல்ல காலை வச்சதும் தங்கச்சிக்கு வலி! ஏழு குட்டி! தேன்விழி மிரண்டு ஓடப் பார்த்தா. கருவிழி வாசலை மறிச்சுப் படுத்துக்கிட்டு, ஒவ்வொரு குட்டியா நக்கித் துடைச்சு மடியில் சேர்த்தா. ஏழும் பால் குடிக்குது!"

வாலனும் முத்துப்பல்லும் மணலில் உருண்டு புரண்டன. நண்டுகூட இரண்டு கொடுக்கையும் தூக்கி ஆடியது.

"மீசைக்காரரே," என்றது கடற்காகம். "தேன்விழி ஒண்ணு கேட்டா. 'அக்கா வந்துட்டா, மச்சான் ஏன் வரலை?'ன்னு. கருவிழி பதில் சொல்லலை. 'அவரையே கேளு'ன்னுட்டா. நான் திரும்பிப் போகணும். என்ன சொல்லட்டும்? வேலை இருந்துச்சுன்னு சொல்லட்டுமா? படகில் இடமில்லைன்னு சொல்லட்டுமா?"

குட்டிகள் அப்பாவின் முகத்தைப் பார்த்தன. செம்பட்டை மீசையை முறுக்கப் போய், முன்காலைக் கீழே இறக்கிக்கொண்டது.

"பயந்துட்டேன்னு சொல்லு," என்றது.

தன் பயத்தைப் பயம் என்று ஒப்புக்கொள்ளாமல் திட்டம் என்று பெயர் வைத்து வளர்ப்பவன், தன்னை நம்பிக் காத்திருப்பவர்களின் படகைத் தின்றுவிடுகிறான்.