திரும்பு என்று எழுதியவன்

பறவைகளுக்குப் பேசவும் எழுதவும் தெரிந்திருந்த அந்தக் காலத்தில், வரித்தலை வாத்துகள் வானத்தில் சத்தமே போடாமல் பறந்தன. பனிமலைக்கு வடக்கே ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் தொடங்கியதும் தெற்கே நம் குளங்களுக்கு வருவது அப்போதும் உண்டு. ஆனால் கூட்டமாக வரவில்லை. முதல் பயணம் மட்டும் தாயின் பின்னால். அதன்பின் ஒவ்வொன்றும் தனியாகத்தான் கிளம்பும். மலைமேல் காற்று மெலிந்திருக்கும், பேசினால் மூச்சு வீண் என்று நினைத்தன. மறந்தால் பார்த்துக்கொள்ள, மரப்பட்டையில் எழுதிய வழிக்குறிப்பு ஒன்று ஒவ்வொன்றின் காலிலும் கட்டியிருக்கும்.

அதை எழுதியவன் கோடன். ஒன்பது முறை போய்வந்தவன். பட்டை கனக்கக்கூடாது என்று ஒவ்வொரு சொல்லாகக் குறைத்துக்கொண்டே வந்தான். அவன் குறிப்பை வைத்து யாரும் வழி தவறியதில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அந்தக் கோடையில் அவன் வெண்ணியோடு சேர்ந்தான். அவள் கிழக்கே வேறொரு ஏரியில் பிறந்தவள். குளிருக்கு அவள் தாய் காட்டிய வழி வேறு; தெற்கே நம் பக்கம் வந்ததே இல்லை. புறப்படும் நேரத்தில் அவள் சிறகை நரி கடித்துவிட்டது. நல்ல தண்ணீருள்ள குளமாகப் பார்த்து வைக்க, ஆண்டுதோறும் கோடன்தான் முதலில் போகவேண்டும்.

"பத்து நாளில் சிறகு ஆறிவிடும். குறிப்பைப் பார்த்து வந்துவிடு" என்றான்.

"நடுவழியில் ஏதாவது புரியாவிட்டால் யாரைக் கேட்பேன்?"

"புரியாமல் போக அதில் என்ன இருக்கிறது? எழுதியிருக்கிறபடி செய். நான் காத்திருப்பேன்."

அவன் வந்து சேர்ந்தான். பத்து நாள் கழிந்தது, இருபது நாளும் கழிந்தது. மற்ற வாத்துகள் ஒவ்வொன்றாக வந்து இறங்கின. ஒவ்வொரு முறை வடக்கே ஒரு புள்ளி தெரிந்தபோதும் கோடன் மேய்ச்சலை விட்டுவிட்டுக் கரையேறி நின்றான். தன் பக்கத்தில் நாணல் ஓரமாக ஓர் ஆள் இடத்தை யாருக்கும் விடாமல் வைத்திருந்தான்.

நாற்பதாம் நாள் ஓர் ஊசிவால் வாத்து வந்து இறங்கியது.

"அண்ணே, உங்கள் வெண்ணியைப் பார்த்தேன். மலையைத் தாண்டி, பெரிய ஆற்றோடு கடல் வரைக்கும் வந்துவிட்டாள். அங்கிருந்து மறுபடி வடக்கே போய்விட்டாள்."

"வடக்கேயா? எதற்கு?"

"நானும் கேட்டேன். குறிப்பைக் காட்டினாள். 'உப்புக் காற்று அடித்தால் திரும்பு' என்று இருந்தது. 'முன்னால் ஏதோ ஆபத்து போலிருக்கிறது, வந்த வழியே போகச் சொல்கிறார்' என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது."

"ஐயோ, திரும்பு என்றால் தெற்குப் பக்கம் திரும்பு! கரையை ஒட்டி!"

"தெற்கே என்று அதில் இல்லையே அண்ணே."

இருந்தது. முதலில் எழுதியபோது இருந்தது. எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று அவனேதான் அதை எடுத்திருந்தான்.

"போகும்போது ஏதாவது சொன்னாளா?"

"இந்தச் சிறகோடு மலையை இன்னொரு முறை தாண்டமுடியுமா என்று தெரியவில்லை, ஆனால் அவர் காரணமில்லாமல் எழுதமாட்டார் என்றாள்."

கோடன் அப்போதே கிளம்பினான். நடுக்குளிரில் எந்த வாத்தும் போகாத திசை அது. மூச்சைப் பற்றி நினைக்கவே இல்லை. ஆற்றின் மேலும் மலையின் மேலும் "வெண்ணி! வெண்ணி!" என்று கத்திக்கொண்டே போனான். ஏரி உறைந்து கிடந்தது. அவர்கள் கூட்டில் பனி கலையாமல் இருந்தது. மலையின் இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் வசந்தம் வரை தேடினான். ஓர் இறகுகூடக் கிடைக்கவில்லை.

அடுத்த குளிர் தொடங்கியபோது மற்றவை அவன்முன் புதுப் பட்டைகளைக் கொண்டுவந்து வைத்தன.

"தெற்கே என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள், போதும்" என்றன.

"அந்த ஒரு சொல் இப்போது எனக்குத் தெரியும்" என்றான் கோடன். "இன்னும் எந்தெந்தச் சொல் இரண்டு பக்கம் போகும் என்பது எழுதுகிற எனக்குத் தெரியாது. வழியில் படிக்கிறவளுக்குத்தான் தெரியும். அவள் கேட்டால் பதில் சொல்லப் பக்கத்தில் ஆள் வேண்டும். சேர்ந்து போவோம். பேசிக்கொண்டே போவோம்."

பட்டைகள் அங்கேயே கிடந்தன. எல்லாம் ஒன்றாக எழும்பின. ஒன்று கேட்டது, இன்னொன்று பதில் சொன்னது. கோடன் வரிசையின் கடைசியில் பறந்தான்.

வரித்தலை வாத்துகள் ஓயாமல் குரல் கொடுத்துக்கொண்டு கூட்டமாக வருவது அந்தப் பயணத்தில் தொடங்கியதுதான். மார்கழியில் அவை தலைக்குமேல் போகும்போது கேட்டுப்பாருங்கள்: கத்திவிட்டு, சட்டென்று எல்லாம் சேர்ந்து ஒரு கணம் அடங்கும். பின்னாலிருந்து இன்னொரு குரல் வருகிறதா என்று பார்க்கின்றன.